பல்லைக் காக்கும் தொழில்: எமது பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி வழி

காணியை விட்டு வந்த குடும்பங்களுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி, பிள்ளைகளின் நாளைய பிழைப்பு என்ன என்பதே. 1990 ஆம் ஆண்டின் வன்செயல்களாலும் 2004 டிசம்பர் 26 இன் சுனாமியாலும் இருந்த இடத்தை இழந்த குடும்பங்கள் கல்முனைக்குடியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் பல உள்ளன. சிலருக்கு வட்டையில் காணி இருந்தும் உறுதிப்பத்திரம் இல்லை. சிலர் பெரும்போகத்தில் மட்டும் பிறர் வயலில் கூலி வேலை செய்கின்றனர். இத்தகைய வீடுகளில் விஞ்ஞானம் படிக்கும் பெண் பிள்ளையைப் பார்த்து, “டாக்டருக்குக் கிடைக்காவிட்டால் இவள் படிப்பு வீண்தானே” என்று சொல்வதை நாம் அடிக்கடி கேட்கிறோம். அது சரியல்ல. வைத்தியத் துறையில் வைத்தியர் அல்லாத பணிகள் பல உண்டு. அவற்றுள் அதிகம் பேசப்படாத ஒன்றை, அதாவது பற்சுகாதாரப் பணியை, இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

யார் யார் இப்பணியில் உள்ளனர்?

பல் என்றதும் பல் வைத்தியரை மட்டுமே நாம் நினைக்கிறோம். அவர் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவப் பட்டம் பெற்றவர். அவரைத் தவிர வேறு சிலரும் இத்துறையில் உள்ளனர்.

பற்சுகாதாரப் பணியாளர் என்பவர் பல்லில் படிந்த காறையை அகற்றுவார், முரசைப் பரிசோதிப்பார், பல்லைப் பேணும் முறையைக் கற்பிப்பார். அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் இது தனித் தொழில். அங்கே சமுதாயக் கல்லூரிகளில் இரண்டு, மூன்று வருடங்கள் படித்து, உரிமப் பரீட்சையில் சித்தியடைந்த பின்னரே வேலை செய்யலாம். இந்தியாவிலும் 1948 ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் இவர்களைத் தனிப் பிரிவாக ஏற்றுக்கொள்கிறது.

எமது நாட்டில் இதற்கு மிக நெருங்கிய தொழில் பாடசாலைப் பற்சிகிச்சையாளர் என்பதாகும். சுத்தம் செய்வதுடன் நின்றுவிடாமல், சிறுவர்களின் சொத்தைப் பல்லை அடைப்பது, பாற்பல்லைப் பிடுங்குவது ஆகியவற்றையும் இவர் செய்வார். இது சுகாதாரத் துறையில் உள்ள அரச பதவி.

இத்தொழில் எவ்வாறு தோன்றியது?

1906 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரில் அல்பிரட் போன்ஸ் என்னும் பல் வைத்தியர் தமது உதவியாளரான ஐரின் நியூமன் என்ற பெண்ணுக்குப் பல் சுத்தம் செய்யும் வேலையைப் பழக்கினார். 1913 இல் அதற்கென ஒரு பாடசாலையையும் தொடங்கினார். நோய் வந்தபின் பிடுங்குவதைவிட வருமுன் காப்பது மேல் என்பதே அவரது கருத்து.

நியூசிலாந்து வேறொரு வழியில் சென்றது. முதலாம் உலக யுத்தத்திற்கு ஆட்களைச் சேர்த்தபோது இளைஞர்களின் பற்கள் பெருமளவில் பழுதடைந்திருந்தன. சிறு வயதிலேயே கவனித்தாலன்றி இது தீராது என்பதை உணர்ந்து, 1921 இல் வெலிங்டன் நகரில் இளம் பெண்களுக்கு இரண்டு வருடப் பயிற்சி தொடங்கப்பட்டது. பயிற்சி பெற்றவர்கள் பாடசாலைகளிலேயே இருந்து சிறுவர்களுக்குச் சிகிச்சை அளித்தனர். இம்முறை பல நாடுகளுக்குப் பரவியது. 1950 களில், கொழும்புத் திட்டத்தின் கீழ், நியூசிலாந்தின் உதவியுடன் இலங்கையிலும் மகரகமவில் இப்பயிற்சி ஆரம்பமானது. இன்று அங்குள்ள வாய்ச் சுகாதார நிறுவகத்தில் அது நடைபெறுகிறது. கிராமத்துப் பாடசாலையில் பல் நாற்காலியொன்றைப் போட்டு வேலை செய்யும் “மிஸ்” இந்த வழியில் வந்தவரே.

பயிற்சியில் என்ன கற்கிறார்கள்?

பயிற்சி இரண்டு வருடம். பல், தாடை, நரம்பு ஆகியவற்றின் அமைப்பு, நோய்க்கிருமிகள், மருந்துகள், விறைப்பு ஊசி போடும் முறை, சிறுவரைப் பயமின்றி நடத்தும் விதம் ஆகியவற்றைக் கற்க வேண்டும். கைப்பழக்கமும் முக்கியம். முதலில் மாதிரிப் பற்களிலும், பின்னர் மேற்பார்வையின் கீழ் சிறுவரின் வாயிலும் பழகுவர். தன்னால் இயலாததை இனங்கண்டு பல் வைத்தியரிடம் அனுப்புவதும் பயிற்சியின் ஒரு பகுதியே.

கருவிச் சுத்தம் இன்னொரு பெரிய பாடம். ஒருவர் வாயில் பட்ட கருவியைத் தண்ணீரில் கழுவி மற்றவருக்குப் பாவித்தால் மஞ்சட்காமாலை பி போன்ற நோய்கள் தொற்றும். அழுத்த நீராவியில் 121 பாகை செல்சியஸ் வெப்பத்தில் குறைந்தது 15 நிமிடம் வைத்தே கிருமி நீக்க வேண்டும். சந்தைகளில் பல் கட்டுவோரிடம் போக வேண்டாம் என்று நாம் சொல்வதன் காரணம் இதுவே.

எமது மக்களுக்கு இதனால் என்ன பயன்?

முதலாவது, பிள்ளைகள். பாற்பற்கள் 20. ஏறக்குறைய ஆறு வயதில், பாற்பல் எதுவும் விழாமலேயே, கடைவாயின் பின்னால் ஒரு பெரிய பல் முளைக்கிறது. இதுவும் விழும் பல்தானே என்று பெற்றோர் கவனிக்காமல் விடுகின்றனர். ஆனால் அது வாழ்நாள் முழுவதற்குமான நிரந்தரப் பல். இனிப்பை உண்ணும் பக்டீரியாக்கள் அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலமே பல்லைக் கரைக்கிறது. முகாமிலும் தற்காலிகக் குடிலிலும் பிள்ளையின் பசியை பிஸ்கட்டாலும் சீனித் தேநீராலும் அடக்க நேர்வதால் இப்பல்லே முதலில் பழுதாகிறது. 3 முதல் 13 வயது வரையான சிறுவர்களே பாடசாலைப் பற்சிகிச்சையாளரின் பொறுப்பில் வருகின்றனர். ஆகவே இப்பல்லைக் காக்கக்கூடியவர் அவரே.

இரண்டாவது, வெற்றிலை. வயல் வேலையில் களைப்புத் தீர வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுவது எம்மிடையே வழக்கம். இலங்கை ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய் சார்ந்தது. புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004 இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. வாயில் வெள்ளைத் தழும்பு, சிவந்த தழும்பு, மூன்று கிழமையாகியும் ஆறாத புண் ஆகியவை இருந்தால் நோவில்லை என்று இருந்துவிடக் கூடாது. வீட்டில் ஒரு பிள்ளை இத்தொழிலைக் கற்றால் வாப்பாவின் வாயை முதலில் பார்ப்பவர் அவராகத்தான் இருப்பார்.

மூன்றாவது, தண்ணீர். உலர் வலயத்தின் சில இடங்களில் கிணற்று நீரில் புளோரைட் ஒரு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டுகிறது. அந்த நீரைச் சிறு வயதில் குடித்தவரின் பல்லில் வெள்ளை அல்லது கபிலக் கறை விழும். அது அழுக்கு அல்ல. கரியாலும் மணலாலும் தேய்த்தால் போகாது, பல்தான் தேயும். அளவான புளோரைட் பல்லைக் காக்கும், மிகுந்தால் கெடுக்கும் என்பதைக் குடும்பங்களுக்கு விளக்க, எமது மொழியில் பேசும் ஒருவர் தேவை.

சேர்வது எப்படி?

இப்பயிற்சிக்கான விண்ணப்பங்கள் அரச வர்த்தமானியிலும் சுகாதார அமைச்சின் அறிவித்தல்களிலும் கோரப்படும். ஒவ்வொரு தடவையும் தகைமைகள், வயதெல்லை, பாடங்கள், யார் விண்ணப்பிக்கலாம் என்பன அதிலேயே குறிப்பிடப்படும். பொதுவாக க.பொ.த. உயர்தர விஞ்ஞானப் பிரிவே அடிப்படை. உயிரியல் பிரிவில் பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானம் எடுக்கவும் இடமுண்டு. விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் அதனையே விரும்புகின்றனர். ஆயினும் பல் மருத்துவப் பட்டத்திற்குப் பௌதிகவியல் தேவை. ஆதலால் பாடத்தைத் தெரிவு செய்யும் முன்னரே ஆசிரியரிடமும் பழைய வர்த்தமானியிலும் விசாரித்துக் கொள்ளுங்கள். சாதாரண தரத்தில் கணிதம், விஞ்ஞானம், தாய்மொழி, ஆங்கிலம் ஆகியவற்றில் நல்ல பெறுபேறு இருப்பது எந்தப் பயிற்சிக்கும் உதவும்.

இடம்பெயர்ந்தோர் பலர் தகைமை இருந்தும் பத்திரம் இல்லாமையால் வாய்ப்பை இழக்கின்றனர். ஆகவே விளம்பரம் வரும்வரை காத்திராமல் பின்வருவனவற்றைத் தயார் செய்யுங்கள்.

1. பிறப்புச் சான்றிதழ்: தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். அங்குள்ள பதிவேடு அழிந்திருந்தால் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் விசாரிக்கலாம்.

2. பரீட்சைச் சான்றிதழ்: பரீட்சைத் திணைக்களம் மறுபடியும் வழங்கும். பரீட்சை எழுதிய ஆண்டும் சுட்டெண்ணும் வேண்டும். சுட்டெண் மறந்திருந்தால் படித்த பாடசாலையைக் கேளுங்கள்.

3. வதிவிட உறுதி: கிராம உத்தியோகத்தரிடம் பெற்று, பிரதேச செயலாளரின் மேலொப்பம் பெறவேண்டும். இடம் மாறும்போது பழைய பதிவையும் புதிய பதிவையும் வைத்துக்கொள்ளுங்கள்.

4. தேசிய அடையாள அட்டை: அதிலுள்ள பெயரும் பிறப்புச் சான்றிதழிலுள்ள பெயரும் ஓரெழுத்தும் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும்.

தூரமும் தயக்கமும்

கல்முனையிலிருந்து மகரகமவுக்கு ஓர் இரவுப் பயணம். மகளை இரண்டு வருடம் அவ்வளவு தூரத்தில் விடுவதற்கு உம்மாவும் வாப்பாவும் தயங்குவது இயல்பு. தங்குமிடம், உணவு, உடை, தொழுகைக்கான வசதி ஆகியவற்றை நேரில் சென்று விசாரித்த பின் முடிவெடுங்கள். பயிற்சிக்காலக் கொடுப்பனவு எவ்வளவு, பின்னர் எத்தனை வருடம் கட்டாயமாகச் சேவை செய்ய வேண்டும் என்பவற்றையும் கேட்டறியுங்கள். சூழலில் பேச்சு பெரும்பாலும் சிங்களம், மருத்துவச் சொற்கள் ஆங்கிலம். உயர்தரம் எழுதிப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் மாதங்களில் இவ்விரு மொழிகளையும் படித்தால் பாதித் தடை நீங்கும்.

உயர்தர விஞ்ஞானம் இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். பல் சிகிச்சை நிலையங்களில் உதவியாளர் வேலையும் உண்டு. ஆனால் பணம் கட்டிப் படிக்கும் தனியார் நிறுவனமாயின், 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின்படி மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் அது பதிவு செய்யப்பட்டதா, அந்தப் பாடநெறிக்குத் தேசிய தொழில் தகைமை உண்டா என்று பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். “இந்தச் சான்றிதழோடு நேரே கனடாவில் வேலை” என்று சொல்வோரையும் நம்பாதீர்கள். அங்கே அந்நாட்டுப் பரீட்சையும் மாகாணப் பதிவும் இன்றி எவரும் இத்தொழில் செய்ய முடியாது. காணியை இழந்தவர்கள் கடைசி நகையையும் இப்படி இழக்கக் கூடாது.

இப்போதே செய்யக்கூடியவை

உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குச் சென்று, அருகிலுள்ள பாடசாலைப் பற்சிகிச்சை நிலையம் எதுவெனக் கேளுங்கள். பிள்ளையை அங்கே காட்டுங்கள். உயர்தரம் படிக்கும் மகளையும் கூட்டிச் செல்லுங்கள், அந்த வேலையை அவர் கண்ணால் காணட்டும். புதிய நியமன அறிவித்தல்கள் பற்றிக் கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனையில் விசாரிக்கலாம். ஊர்ச் சங்கங்கள் மாதம் ஒருமுறை வர்த்தமானியைப் பார்த்து, பள்ளிவாசலிலும் பாடசாலையிலும் அறிவித்தல் போடுவது பெரும் உதவியாகும்.

வீட்டில், புளோரைட் கலந்த பற்பசையால் காலையிலும் இரவில் படுக்கும் முன்னும் இரண்டு நிமிடம் துலக்குங்கள். மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குப் பட்டாணி அளவு பசை போதும். ஏழு, எட்டு வயது வரை பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். மிஸ்வாக் பாவிப்போர் அதனைத் தொடரலாம், ஆயினும் முரசு கிழியாமல் மெதுவாகத் தேய்க்க வேண்டும்.

காணிப் பிரச்சினை தீரும்வரை பிள்ளைகளின் படிப்பு காத்திருக்காது. கற்ற தொழிலை எந்த இடப்பெயர்வும் பறிக்க முடியாது. எங்கே குடியேறினாலும் அது கூடவே வரும். அத்துடன், பயிற்சி பெற்ற ஒரு மகள் எமது பகுதிப் பாடசாலையொன்றுக்கு நியமனம் பெற்று வந்தால், ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் பல்நோவின்றிப் படிப்பார்கள்.