படுவான்கரையின் மறு பாதி

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, பொழுது சாயும் பக்கம் படுவான்கரை. அதன் ஆரம்ப வரலாற்றை நெல்வயலோடு மட்டும் தொடங்கினால் பாதிதான் சொன்னதாகும். மறு பாதி மாட்டுப்பட்டிகளுடையது. உழவு இயந்திரம் வருமுன் வயலை மிதித்துச் சேறாக்கியது எருமை; களத்தில் சூடு மிதித்ததும் மாடுதான். பெருநிலக்காரரான போடியாரின் செல்வத்தைக் காணியோடு பட்டியையும் சேர்த்தே ஊர் மதித்தது. பெரும்போக விதைப்புக் காலத்தில் பட்டிகள் மயிலத்தமடு, மாதவனை போன்ற மேய்ச்சல் தரைகளுக்குப் போகும். அறுவடை முடிந்ததும் அறுத்த தாள் மேயத் திரும்பும், வயலுக்கு எருவும் தரும்.

மேய்ச்சல் தரையில் வீடில்லை, வேலியில்லை, ஆகவே அது வெறுங்காடு என்பார்கள். மாடு திரும்பிவிட்ட மாதத்தில் பார்த்தால் அப்படித்தான் தெரியும். அமெரிக்காவின் டெக்சாஸிலும் 1870களில் முள்ளுக்கம்பி பரவத் தொடங்கும்வரை மந்தைகள் வேலியில்லாத வெளியில்தான் மேய்ந்தன. அதனால் அங்கே மாட்டுப்பண்ணைத் தொழிலே இருக்கவில்லை என்று எவரும் சொல்வதில்லை. உணவுக்குப் பயிர்நிலம் வேண்டாமா என்ற கேள்வி இன்னும் வலுவானது. வேண்டும்தான். ஆனால் மேய்ச்சல் தரை சுருங்கினால் விதைத்த வயலைத் தவிர மாட்டுக்குப் போக்கிடம் ஏது? கல்லோயாத் திட்டமும் பின்னர் மகாவலித் திட்டமும் இப்பகுதியின் நிலப் பயன்பாட்டையே மாற்றின. 2023இல் மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் போராட்டத்தில் அமர்ந்தது இந்தத் தரைக்காகத்தான்.