இரண்டாவது பேட்டரி எத்தனை கிலோமீட்டர் தரும்?

தாம்பரத்திலிருந்து கிண்டிக்குப் போய்த் திரும்ப ஏறத்தாழ 35 கிலோமீட்டர். பழைய சைக்கிளில் ஹப் மோட்டார் கிட் பொருத்திய புதிதில், கொஞ்சம் பெடலும் மிதித்து, அந்தத் தூரத்தை ஒரே சார்ஜில் முடித்துவிடுவேன். இரண்டு கோடை கடந்ததும் நிலைமை மாறியது. திரும்பும் வழியில் குரோம்பேட்டை வந்தால் மோட்டார் நின்றுவிடும். ஆக்ஸிலேட்டரைத் திருகினாலும் அசையாது. ஓரமாக நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டு வந்து ஸ்விட்சைப் போட்டால் டிஸ்ப்ளேயில் இரண்டு கட்டம் சார்ஜ் தெரியும். சைக்கிள் கிளம்பும். இருநூறு முந்நூறு மீட்டர் ஓடி மறுபடியும் நிற்கும்.

தீர்ந்துபோன பேட்டரிக்கு ஒரு டீ குடிக்கும் நேரத்தில் சார்ஜ் எங்கிருந்து வந்தது? அது தீரவே இல்லை என்பதுதான் விடை. இந்த விடையைப் புரிந்துகொண்டால், இரண்டாவது பேட்டரியை எப்படிச் சேர்க்க வேண்டும் என்பதும் புரிந்துவிடும்.

36 வோல்ட் லித்தியம் பேட்டரி பேக்கின் உறையைப் பிரித்தால், டார்ச் லைட் செல்லைப் போன்ற உருளைகள் வரிசையாக நிற்கும். 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். அதனால் அவற்றுக்கு 18650 என்றே பெயர். மூன்று மூன்றாகப் பக்க இணைப்பில் சேர்த்த பத்துக் குழுக்களைத் தொடர் இணைப்பில் கோத்திருப்பார்கள். மொத்தம் 30 செல்கள். நல்ல செல் ஒன்றின் கொள்ளளவு 3.5 ஆம்பியர் மணி என்றால், பேக்கின் கொள்ளளவு 10.5 ஆம்பியர் மணி. அதை 36 வோல்ட்டால் பெருக்கினால் 378 வாட் மணி. மின்கட்டணக் கணக்கில் ஒரு யூனிட் என்பது 1,000 வாட் மணி. ஆக, ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதலான மின்சாரம்தான் ஓர் ஆளைச் சுமந்துகொண்டு 25 முதல் 35 கிலோமீட்டர் போகிறது. சைக்கிள் எவ்வளவு சிக்கனமான வாகனம் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

முழுதாக சார்ஜ் ஆன பேக்கில் 42 வோல்ட் இருக்கும். ஓட ஓட அது இறங்கும். மின்னழுத்தம் 31 வோல்ட்டை ஒட்டி வந்ததும், செல்கள் கெட்டுவிடாமல் இருக்க கண்ட்ரோலர் மோட்டாரை நிறுத்திவிடும். ஆனால் கண்ட்ரோலர் பார்ப்பது பேட்டரி ஓய்வில் இருக்கும்போதுள்ள மின்னழுத்தத்தை அல்ல, சுமை இழுக்கும்போதுள்ள மின்னழுத்தத்தை. ஒவ்வொரு பேட்டரிக்கும் உள்ளேயே ஒரு தடை உண்டு. பள்ளிக்கூடத்தில் அகமின்தடை என்று படித்தது இதுதான். வெயிலில் கிடந்து வயது ஏற ஏற அதுவும் ஏறும். என் பேக்கில் வயர், கனெக்டர் எல்லாம் சேர்த்து 0.3 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் 12 ஆம்பியர் இழுத்தால், ஓம் விதிப்படி 3.6 வோல்ட் உள்ளேயே இழப்பு. ஓய்வில் 34.5 வோல்ட் காட்டும் பேட்டரி, ஆக்ஸிலேட்டரைத் திருகிய கணத்தில் 30.9 ஆகிவிடும். கண்ட்ரோலர் கதவைச் சாத்திவிடும். சுமை நீங்கினால் வோல்ட் மீண்டும் ஏறும். குரோம்பேட்டையில் நடந்தது இவ்வளவுதான். உள்ளே சார்ஜ் இருக்கிறது, வெளியே எடுக்க முடியவில்லை.

இப்போது அதே போன்ற இன்னொரு பேக்கைப் பக்க இணைப்பில், அதாவது பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்துப் பாருங்கள். 12 ஆம்பியரை இருவரும் ஆளுக்கு ஆறாகப் பகிர்ந்துகொள்வார்கள். இழப்பு 3.6 வோல்ட்டிலிருந்து 1.8 வோல்ட்டாகக் குறையும். தடையில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. ஒரே பேட்டரியில் 43 வாட் வெப்பமாக வீணாகும். இரண்டாகப் பகிர்ந்தால் மொத்தமே ஏறத்தாழ 22 வாட்தான். ஒன்று தீர்ந்த பிறகு மற்றொன்றை மாட்டுவதைவிட, இரண்டையும் சேர்த்து ஓட்டினால் கூடுதல் தூரம் கிடைப்பது இதனால்தான். செல்களும் சூடாகாமல் நெடுநாள் உழைக்கும். ஒரே நுகத்தில் இளங்காளையையும் வயதான மாட்டையும் பூட்டினால் வலுவுள்ளது கூடுதலாக இழுக்கும். பழையதும் புதியதுமான பேக்குகளும் அப்படியே. தடை குறைந்தது தானாகவே கூடுதல் பங்கைக் கொடுக்கும்.

தொடர் இணைப்பில் போட்டால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம். 42-ம் 42-ம் சேர்ந்து 84 வோல்ட் ஆகும். 36 வோல்ட் கண்ட்ரோலருக்குள் இருக்கும் கப்பாசிட்டர்கள் பெரும்பாலும் 50 அல்லது 63 வோல்ட் தாங்கக்கூடியவை; வெடித்துவிடும். கண்ட்ரோலரையே மாற்றினாலும், பக்க இணைப்பைவிடக் கூடுவது வேகம்தான்; அது சட்ட வரம்பைத் தாண்டிவிடலாம். 250 வாட்டுக்கும், மணிக்கு 25 கி.மீ. வேகத்துக்கும் குறைவான வண்டி என்பதால்தான் நம் நாட்டில் பதிவெண்ணும் ஓட்டுநர் உரிமமும் இல்லாமல் இதை ஓட்ட முடிகிறது.

பக்க இணைப்பில் ஆபத்து இருப்பது, இரண்டையும் இணைக்கும் அந்த ஒரு கணத்தில். அதை நானே பார்த்தேன். புது பேட்டரி வந்த அன்று மாலை அதை முழுதாக சார்ஜ் செய்து, ஓடிக் களைத்திருந்த பழையதோடு அப்படியே இணைத்தேன். ‘டப்’ என்று ஒரு பொறி. கையில் இருந்த மஞ்சள் நிற எக்ஸ்டி60 கனெக்டரைத் திருப்பிப் பார்த்தால், பொன்முலாம் பூசிய முனையில் மிளகளவுக்குக் கரி படிந்திருந்தது. உடனே பிரித்துவிட்டேன். ஒன்றில் 42 வோல்ட், மற்றொன்றில் 35. இடையே 7 வோல்ட் வித்தியாசம், இரண்டு பேக்கின் தடையும் சேர்ந்து 0.6 ஓம். நிறைந்த பேக்கிலிருந்து காலி பேக்குக்குள் ஏறத்தாழ 12 ஆம்பியர் பாய்ந்திருக்கும். என் சார்ஜர் கொடுப்பது 2 ஆம்பியர். தடை குறைவான இரண்டு புதிய பேக்குகளாக இருந்தால் பாய்ச்சல் இதைவிட மோசம்.

அந்தப் பாய்ச்சல் செல்லுக்குள் என்ன செய்கிறது என்பதை அறிய லித்தியம் பேட்டரியின் வரலாற்றுக்குப் போக வேண்டும். 1970-களில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் உருவாக்கிய பேட்டரியின் ஒரு முனை லித்தியம் உலோகத்தால் ஆனது. ஆற்றல் மிகுந்தது, ஆனால் தீப்பிடிக்கும் தன்மையும் மிகுந்தது. 1980-இல் ஜான் குட்இனஃப் கோபால்ட் ஆக்சைடை மற்றொரு முனைக்குக் கொண்டுவந்து மின்னழுத்தத்தை உயர்த்தினார். 1985-இல் ஜப்பானின் அகிரா யோஷினோ லித்தியம் உலோகத்தையே அகற்றிவிட்டு அங்கே கரிமப் பொருளை வைத்தார். லித்தியம் அயனிகள் அந்தக் கரிமத்தின் அடுக்குகளுக்குள் போய் உட்கார்ந்து, பிறகு எழுந்து வரும். உலோகமாக எங்கும் நிற்காது. பாதுகாப்பு வந்தது அந்த மாற்றத்தால்தான். 1991-இல் சோனி நிறுவனம் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

அளவுக்கு மீறிய வேகத்தில் சார்ஜ் ஏற்றினால், வந்து சேரும் அயனிகள் கரிம அடுக்குக்குள் நுழைய இடமும் நேரமும் கிடைக்காமல் அதன் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படியும். யோஷினோ வெளியேற்றிய லித்தியம் உலோகத்தை நாமே திரும்ப உள்ளே வரவைக்கிறோம். அந்தப் படிவு ஊசிபோல வளர்ந்து, இரு முனைகளையும் பிரிக்கும் மெல்லிய தாளைத் துளைத்தால் செல்லுக்குள்ளேயே ஷார்ட் சர்க்யூட் ஆகும். அது இன்றைக்கே நடக்கும் என்றில்லை. பல நாள் கழித்தும் நடக்கலாம். பேக்கைக் காக்கும் பி.எம்.எஸ். பலகை இருக்கிறதே என்று இருந்துவிடவும் கூடாது. பல பேக்குகளில் சார்ஜ் ஏற்றும் வழி வேறு, மோட்டாருக்குப் போகும் வழி வேறு. மோட்டார் வழியாகத் திரும்பி உள்ளே வரும் மின்னோட்டத்தை அந்தப் பலகை தடுக்காமல் போகலாம்.

இதைத் தவிர்க்க இரண்டு வழிகள் உண்டு. இரண்டு பேக்கையும் தனித்தனி சார்ஜரில் முழுதாக ஏற்றி, மல்டிமீட்டரில் அளந்து, வித்தியாசம் 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் மட்டும் இணைப்பது ஒன்று. 0.2 வோல்ட்டில் பாயக்கூடியது அரை ஆம்பியருக்கும் குறைவு, பயமில்லை. சார்ஜ் ஏற்றும்போது மறுபடியும் பிரித்துவிட வேண்டும். ஒவ்வொரு பேக்கின் பிளஸ் முனைக்கு அருகிலும் தனி ஃபியூஸ் கட்டாயம். மற்றது, இரண்டுக்கும் நடுவே ஒருவழிப் பாதை போடும் மாட்யூல். மின்னோட்டம் மோட்டாரை நோக்கி மட்டுமே போகும், பேட்டரிக்குப் பேட்டரி பாயாது. சாதாரண டையோடு என்றால் குறைந்தது அரை வோல்ட் இழப்பில் 6 வாட்டாவது வெப்பமாகும். மாஸ்ஃபெட் வைத்த மாட்யூலில் இழப்பு அதைவிட மிகக் குறைவு. மல்டிமீட்டர் பிடிக்கத் தயங்குபவர்களுக்கு இரண்டாவது வழிதான் சரி.

இரண்டு பேக்கும் ஒரே வேதியியல் வகையாக இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேக் ஒன்றில் 12 வரிசை செல்கள் இருந்தால் முழு சார்ஜில் 43.8 வோல்ட் வரும். அதை 42 வோல்ட் பேக்கோடு நேரடியாகச் சேர்க்கக் கூடாது.

எடையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். கூடுதல் பேக் இரண்டு, இரண்டரை கிலோதான்; சமதளச் சாலையில் தெரியாது. மலை ஏறுவதுதான் உண்மையில் பேட்டரியைக் குடிக்கும். ஆளும் வண்டியுமாக 100 கிலோவை 100 மீட்டர் உயரம் தூக்கவே 27 வாட் மணி வேண்டும். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வேறுபாடு ஏறத்தாழ 1,200 மீட்டர். தூக்குவதற்கு மட்டும் 327 வாட் மணி. மோட்டாரின் இழப்பையும் சேர்த்தால், பெடல் மிதிக்காமல் ஒரே பேட்டரியில் அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏற முடியாது. நம் ஊர்ச் சமவெளியில் எதிரி காற்றுதான். 20 கி.மீ. வேகத்தில் போவதற்குப் பதில் 25-இல் போனால், காற்றைக் கிழிக்க ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 56 சதவீதம் கூடுதல் ஆற்றல் செலவாகும். வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, டயரில் காற்றைச் சரியாக வைத்தாலே சிலருக்கு இரண்டாவது பேட்டரி தேவைப்படாது. வாங்கும் முன் ஒரு வாரம் இதைச் செய்து பாருங்கள்.

விலை மலிவு என்று பழைய லேப்டாப் செல்களைக் கோத்து விற்கும் பேக்குகளை வாங்காதீர்கள். 18650 அளவில் 9,900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்டிருந்தால் அது பொய். அந்த அளவுக்கு இன்று கிடைக்கும் நல்ல செல்லே 3,500-ஐ ஒட்டித்தான். நியூயார்க் நகரில் 2023-இல் மட்டும் லித்தியம் பேட்டரி தீயால் 18 பேர் இறந்தார்கள். பயன்படுத்திய பேட்டரியிலிருந்து எடுத்த செல்களைக் கொண்டு பேக் செய்து விற்பதை அந்நகரம் அதே ஆண்டில் சட்டம் போட்டுத் தடுத்தது.

பழைய பேக் கம்பிச் சட்டத்திலும் புதியது பின் கேரியரிலுமாக இப்போது என் சைக்கிள் கிண்டிக்குப் போய்த் திரும்புகிறது. வீடு வந்து அளந்தால் இரண்டும் 36.5 வோல்ட்டை ஒட்டி நிற்கின்றன. இரண்டாவது பேட்டரி வாங்குகிறவர்கள் அதோடு சில நூறு ரூபாய் போட்டு ஒரு மல்டிமீட்டரும் வாங்கிவிடுங்கள். இணைக்கும் முன் ஒவ்வொரு முறையும் அளந்து பாருங்கள். வீட்டில் எல்லோரும் தூங்கும் நேரத்திலோ, வெளியேறும் வாசலை ஒட்டி வைத்தோ சார்ஜ் போடாதீர்கள்.