கணிதத்தைக் கைவிட்ட இரண்டு ஆண்டுகள்

வணிகவியல் மாணவர்களுக்குக் கணிதம் வராது என்பது கல்லூரிகளில் ஏறக்குறையப் பழமொழியாகவே ஆகிவிட்டது. அம்மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாகப் புள்ளியியல் கற்பித்துவரும் எனக்கு இதில் உடன்பாடில்லை. அவர்களது தேர்ச்சியைப் பெரிதும் தீர்மானிப்பது, பதினைந்து வயதில் எடுக்கப்படும் ஒரு முடிவு.

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்போடு கணிதத்தைக் கைவிட்டு மேல்நிலைக் கல்வியைத் தொடர முடியும். வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் ஆகியவற்றுடன் சிலர் வணிகக் கணிதமும் புள்ளியியலும் படிக்கின்றனர். சிலர் அதற்குப் பதிலாக வரலாறோ கணினிப் பயன்பாடுகளோ படிக்கின்றனர். முதல் வகைப் பாடப்பிரிவே இல்லாத பள்ளிகளில் மாணவர் விரும்பினாலும் வழியில்லை. பின்னர் இரு சாராரும் பி.காம். வகுப்பில் அருகருகே அமர்கின்றனர். திட்டவிலக்கத்தின் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதினால் ஒருவருக்கு அது பழைய பாடம்; மற்றவருக்கோ அதிலுள்ள சிக்மா குறியே மறந்துபோயிருக்கும். தமிழ்வழியில் பயின்றவராக இருந்தால், ஒட்டுறவு என்று படித்ததுதான் கோரிலேஷன் என்பதையும் அவர் தாமே கண்டுபிடித்தாக வேண்டும்.

ஆனால், இம்மாணவர்களிடம் கணித அறிவு இல்லாமல் இல்லை. அடக்கவிலையில் நான்கில் ஒரு பங்கு இலாபம் என்றால், விற்பனை விலையில் அது ஐந்தில் ஒரு பங்கு என்பதைக் கணக்குப்பதிவியல் வகுப்பில் தயங்காமல் சொல்கின்றனர். 80 ரூபாய்ப் பொருளை 100 ரூபாய்க்கு விற்றால் இலாபம் 20 ரூபாய்; இரண்டு விகிதங்களும் அதற்குள் அடக்கம். அதே உறவை எக்ஸ், ஒய் என எழுதிக் கேட்டால் பேனா நின்றுவிடுகிறது. 'எனக்குக் கணக்கே வராது சார்' என்ற பதில் வினாவைப் படித்து முடிக்கும் முன்பே வந்துவிடுகிறது. பள்ளியில் யாரோ சொன்னதை அவர்கள் நம்பிவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இழப்பு மதிப்பெண்ணோடு நிற்பதில்லை. பட்டயக் கணக்காளர் படிப்பின் அடிப்படைத் தேர்வில் நான்கு தாள்களுள் ஒன்று கணிதம், தருக்கம், புள்ளியியல் சார்ந்தது. ஒவ்வொரு தாளிலும் குறைந்தது 40% பெற வேண்டும். வேலைக்குச் சென்ற பின்பும் கணிதம் விடுவதில்லை. ஒரு லட்சம் ரூபாயை 12% 'பிளாட்' வட்டிக்கு வாங்கி ஓராண்டில் சமமான மாதத் தவணைகளில் அடைத்தால், உண்மையான ஆண்டு வட்டி ஏறத்தாழ 21%. அசல் மாதந்தோறும் குறைய, வட்டி மட்டும் முழு அசலுக்கும் கணக்கிடப்படுவதே காரணம். கடன் மேசையில் அமரப்போகும் வணிகவியல் பட்டதாரிக்கு இது புரியாவிட்டால், எதிரே அமர்ந்திருப்பவருக்கு யார் விளக்குவது?

முதல் பருவத்தின் முதல் மாதத்தில் புதிய பாடம் எதுவும் வேண்டாம். பின்னம், விழுக்காடு, சமன்பாட்டை வாசித்தல் ஆகியவற்றை, அவர்கள் ஏற்கெனவே அறிந்த கணக்குப்பதிவியல் கணக்குகளிலிருந்தே தொடங்கலாம். பருவத் தேர்வுக்குள் ஐந்து அலகுகளையும் முடித்தாக வேண்டிய ஆசிரியரால் இதைத் தனியே செய்ய இயலாது. பாடத்திட்டக் குழுக்கள்தாம் அந்த ஒரு மாதத்தை ஒதுக்கித் தர வேண்டும்.