தாழ்வை நாடும் வாயு

மார்கழிப் பனிக்கு அஞ்சிச் சன்னல்களை இறுக அடைத்துவிட்டு ஏற்காடு வட்டத்துச் செம்மநத்தத்தில் அடுப்பு மூட்டும் குடும்பத் தலைவியும், நடுக்கடலில் விசைப்படகின் சிற்றறையில் உலைவைக்கும் மீனவரும், ஒருவரையொருவர் அறியாதவராயினும், ஒரே வாயுவின் சுபாவத்தை அவசியம் அறிந்திருக்க வேண்டியவர்கள்.

புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. முன்னது ஏறத்தாழ ஒன்றரை மடங்கும் பின்னது இரு மடங்கும் கனம் உடையனவாதலால், கசிந்த வாயு மேலெழுந்து கலைந்துபோகாமல், தண்ணீரைப்போலத் தாழ்வான இடம் நாடித் தேங்குகிறது; காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு சேர்ந்தாலே அது தீப்பற்றத்தக்கதாகிவிடுகிறது.

நீர் உட்புகாதவாறு கட்டப்பட்ட படகின் அடித்தளத்தில், தேங்கிய வாயு வெளியேறவும் வழியில்லை. பொறியெழுப்பக்கூடிய எஞ்சினும் பாட்டரியும் பெரும்பாலும் அவ்விடத்திலேயே இருக்கின்றன. 2024 ஏப்ரலில், காக்கிநாடாவிலிருந்து சென்ற மீன்பிடிப் படகொன்று விசாகப்பட்டினத்துக்கு அப்பால் சிலிண்டர் வெடித்துத் தீக்கிரையாக, தீக்காயமுற்ற ஒன்பது மீனவர்களைக் கடலோரக் காவல்படையின் 'வீரா' கப்பல் மீட்டது. ஆகவே, சிலிண்டரை மேல்தளத்தில், படகின் உட்புறத்தோடு தொடர்பற்ற பெட்டியில் நிமிர்த்தி நிறுத்தி, பெட்டியின் அடியில் படகுக்கு வெளியே திறக்கும் வடிகுழாய் அமைத்து, சமையல் முடிந்ததும் சிலிண்டரின் வால்வையே மூடிவிடுவது படகுக்குரிய முதல் தர்மம்.

ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டு மலையிலோ குளிர் வேறொரு சோதனையைக் கொணர்கிறது. பியூட்டேன் மந்தமாக ஆவியாவதால் சுடர் தளரும்போது, சிலிண்டரைச் சூடேற்றுவதும் சாய்த்துப் படுக்கவைப்பதும் மகா அபாயம். சாய்ந்த சிலிண்டரிலிருந்து திரவமே ரெகுலேட்டருக்குள் பாய்ந்துவிடக்கூடும். வெளிப்பட்ட திரவம் ஏறக்குறைய 250 மடங்கு வாயுவாக விரிவதால், சிறு கசிவும் அற்பமன்று. சிலிண்டரைவிட உயரமான மேடையில் அடுப்பை வைத்து, இணைப்புகளைத் தீக்குச்சியால் அன்றிச் சோப்பு நீரால் சோதித்து, ரப்பர் குழாயை ஐந்தாண்டுக்குள் மாற்றிவிட வேண்டும்.

கசிவை உணர்த்தவே சேர்க்கப்பட்டுள்ள எத்தில் மெர்காப்டனின் துர்நாற்றம் எழுந்தால், மின் சுவிட்ச் எதையும் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவுகளைத் திறந்து, வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழைக்க வேண்டும். ஆயினும், உறங்குவோர் நாற்றத்தை உணராமற் போகலாம் என்பதை நினைத்தால், குளிருக்கு அடைத்த சன்னலுக்குக் கீழே, தரையை ஒட்டிச் சுவரில் ஒரு துவாரம் விட்டுக் கட்டுவதே, மலைவாழ் மக்கள் தம் குழந்தைகளுக்குச் செய்யும் நிரந்தரமான பாதுகாப்பு.