‘டிமைஸ்’ என்றால் மரணமா? முல்லைப் பெரியாறு பத்திரத்தில் உள்ள பழைய ஆங்கிலச் சொற்கள்

உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே இருக்கிறது அனுமந்தன்பட்டி. முதல் போகத்துக்கு நாற்று பாவலாமா, இன்னும் பத்து நாள் பொறுக்கலாமா என்று பேச்சு எழுந்தால் அது அணையின் நீர்மட்டத்துக்குப் போகும். அங்கிருந்து “அந்த 999 வருஷப் பத்திரம்” என்பதில் வந்து நிற்கும். கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல்கள் முல்லைப் பெரியாறு தண்ணீரை நம்பித்தான் இருக்கின்றன. ஆனால் அந்தப் பத்திரத்தைப் பற்றிப் பேசுபவர்கள் பலர், படித்தவர்கள் சிலர்.

படிக்க உட்கார்ந்தாலும் முதல் வரியிலேயே தட்டுப்படும். 1886 அக்டோபர் 29-ல் எழுதப்பட்ட வக்கீல் ஆங்கிலம் அது. திருவிதாங்கூர் மகாராஜாவின் அரசு சார்பில் திவான் ராமய்யங்காரும், எதிர்த் தரப்பில் ரெசிடென்ட் ஹானிங்டனும் கையெழுத்துப் போட்டார்கள். அந்த எதிர்த் தரப்பின் பெயர் ‘செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் ஃபார் இந்தியா இன் கவுன்சில்’. செக்ரட்டரி என்றதும் ஊராட்சிச் செயலரை நினைக்கக் கூடாது. லண்டனில் இருந்த, இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் அவர்.

பத்திரம் தன்னை ‘இன்டென்ச்சர்’ என்று சொல்லிக்கொள்கிறது. பல் என்பதற்கான லத்தீன் சொல்லில் இருந்து வந்த பெயர். பழைய இங்கிலாந்தில் ஒப்பந்தத்தை ஒரே தோலில் இரண்டு பிரதியாக எழுதி, நடுவே ரம்பப் பல் மாதிரி கோணல்மாணலாக வெட்டி, ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வார்கள். தகராறு வந்தால் இரண்டையும் ஒட்டிப் பார்ப்பார்கள். பல்லோடு பல் பொருந்தாவிட்டால் ஒன்று போலி. பிற்காலத்தில் வெட்டும் பழக்கம் போய், பெயர் மட்டும் நின்றுவிட்டது. (தமிழிலும் ‘முறி’ என்றால் துண்டு, ‘முறி’ என்றால் பத்திரம். இலங்கையில் இன்றும் ‘பிணைமுறி’ என்கிறார்கள்.)

அடுத்து வரும் ‘வேராஸ்’, ‘விட்னெசெத்’ எல்லாம் மிரட்டல்தான். நம்ம ஊர் பத்திர எழுத்தர் ‘கிரயப் பத்திரம் என்னவென்றால்’ என்று ஆரம்பிப்பாரே, அதே வேலை.

உண்மையில் ஆளைக் கவிழ்க்கும் சொல் ‘டிமைஸ்’. இன்று இதற்கு மரணம் என்று பொருள். இரங்கல் செய்தியில் பார்க்கலாம். அந்த நினைப்போடு பத்திரத்தைப் படித்தால், மகாராஜா நிலத்தைச் சாகடித்ததாக வரும்! சட்டத்தில் இதன் மூத்த பொருள் வேறு: உரிமையைக் கைமாற்றுவது, குத்தகைக்கு விடுவது. அரசர் இறந்தால் முடியுரிமை வாரிசுக்குக் கைமாறும். அந்தக் கைமாற்றத்தை ‘டிமைஸ் ஆஃப் தி கிரவுன்’ என்றார்கள். கைமாற்றத்துக்குக் காரணம் சாவு என்பதால், நாளடைவில் சொல்லே சாவைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. பத்திரத்தில் இருப்பது பழைய பொருள்தான். 155 அடி நீர்மட்டத்துக்குள் வரும் 8,000 ஏக்கரும், பணிகளுக்கு மேலும் 100 ஏக்கர் வரையும் குத்தகையாகக் கொடுக்கப்பட்டன. விற்பனை இல்லை, தானமும் இல்லை.

‘பிரமிசஸ்’ என்றால் இப்போது கட்டட வளாகம். பத்திரத்தில் அப்படி எந்தக் கட்டடமும் இல்லை. ‘முன்னே சொன்னவை’ என்பதே அதன் பொருள். அச்சு அசலாக நம் ‘மேற்படி சொத்து’. மேற்படி மேற்படி என்று வீட்டையே குறிப்பிட்டுக் குறிப்பிட்டு, கடைசியில் சொல்லே வீடாகிவிட்டது.

‘ஈல்டிங்’ விவசாயிக்குத் தெரிந்த சொல் மாதிரி இருக்கும். “இந்தத் தடவை ஈல்டு எப்படி?” என்று கேட்காத களத்துமேடு கிடையாது. ஆனால் விளைச்சல் என்ற பொருள் பின்னால் வந்தது. முதல் பொருள் செலுத்துதல். பத்திரத்தில் அது வாடகையைக் குறிக்கிறது: ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய், 8,000 ஏக்கருக்கு 40,000 ரூபாய்.

இனி ‘அம்பயர்’. கிரிக்கெட்டில் வெள்ளைத் தொப்பி போட்டு நிற்பவரை மறந்துவிடுங்கள். பழைய பிரெஞ்சில் ‘நோன்பேர்’ என்றால் ஜோடி சேராதவர், ஒற்றையானவர். ஆங்கிலத்தில் ‘எ நம்பயர்’ என்று சொல்லிச் சொல்லி, ‘ந்’ முன்சொல்லில் ஒட்டிக்கொண்டு ‘அன் அம்பயர்’ ஆனது. தகராறு வந்தால் தரப்புக்கு ஒரு மத்தியஸ்தர், அவர்கள் இருவரும் முட்டிக்கொண்டால் மூன்றாவதாக ஒற்றை ஆள் என்று பத்திரம் சொல்கிறது.

இது ஏட்டோடு நிற்கவில்லை. பெரியாற்றுத் தண்ணீரில் மின்சாரம் எடுக்க சென்னை மாகாண அரசு திட்டமிட்டபோது திருவிதாங்கூர் எதிர்த்தது. பாசனப் பணிகளுக்கென்று கொடுத்த தண்ணீரில் கரன்ட் எடுக்கலாமா? மத்தியஸ்தர்கள் ஒத்துப்போகவில்லை, விவகாரம் அம்பயரிடம் போனது. 1941-ல் அவர் திருவிதாங்கூர் பக்கம் தீர்ப்புச் சொன்னார்: பாசனம் என்றால் பாசனம்தான். ஒரு சொல்லின் எல்லை எதுவரை என்ற கேள்விக்கு ஒரு மின்திட்டமே காத்துக் கிடந்தது. 1970 மே 29-ல் போட்ட துணை ஒப்பந்தங்களில்தான் அது முறைப்படி தீர்ந்தது. வாடகை ஏக்கருக்கு 30 ரூபாய் ஆனது, மீன்பிடி உரிமை கேரளாவுக்குப் போனது, கட்டணம் செலுத்தி மின்சாரம் எடுக்கும் உரிமை தமிழகத்துக்கு வந்தது. லோயர்கேம்ப் மின் நிலையத்தைக் கடந்து குமுளி மலை ஏறுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கடைசியாக ஒரு சொல், ‘லாப்ஸ்’. “பிரீமியம் கட்டல, பாலிசி லாப்ஸ் ஆயிருச்சு” என்று நாம் சொல்வதுதான். நழுவி விழுதல் என்பது மூலப் பொருள். இந்தப் பத்திரத்தில் அந்தச் சொல்லுக்கு வேலையில்லை. 1947-ன் இந்திய சுதந்திரச் சட்டத்தில் வருகிறது. சமஸ்தானங்கள் மீதான பிரிட்டிஷ் மேலாதிக்கமும், அதோடு சேர்ந்த உடன்படிக்கைகளும் ‘லாப்ஸ்’ ஆகும் என்றது அந்தச் சட்டம். அப்படியானால் 1886 பத்திரமும் அன்றே போயிற்று என்பது உச்ச நீதிமன்றத்தில் கேரளா வைத்த வாதங்களில் ஒன்று. 2014 மே 7-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை ஏற்கவில்லை. நீர்மட்டம் 142 அடி வரை என்பதும் அதே தீர்ப்பில் உறுதியானது.

பத்திரக் கணக்குப்படி, 1886 ஜனவரி 1-ல் தொடங்கிய குத்தகை 2884 டிசம்பர் 31-ல் முடியும். குத்தகைதாரர் கேட்டால் இன்னொரு 999 ஆண்டுக்குப் புதுப்பித்துத் தரவும் அதிலேயே இடம் இருக்கிறது.