ஊர் கூடிப் பார்த்த திரை – 17: ஃப்ரிட்ஜை அணைக்கச் சொன்ன தீவு

2015 ஏப்ரல் கடைசியில், பிலிப்பைன்ஸின் பாலவான் தீவுக்கு மின்சாரம் வழங்கும் கூட்டுறவு நிறுவனம் தன் நுகர்வோருக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை சண்டை நடக்கும் நேரத்தில் ஃப்ரிட்ஜ், ஏசி மாதிரியானவற்றை அணைத்து வையுங்கள். வீட்டுக்கு வீடு டிவி ஓடப்போகிறது, அத்தனை பாரத்தையும் ஒரே நேரத்தில் தாங்குவது கஷ்டம் என்றது. சண்டை நடக்கவிருந்தது பசிபிக் கடலுக்கு அந்தப் பக்கம், லாஸ் வேகாஸில். பிலிப்பைன்ஸின் குத்துச்சண்டை வீரர் மேனி பாக்கியாவும் ஃப்ளாய்ட் மேவெதரும் மோதினார்கள்.

சென்ற வாரம் 1975-இல் மனிலாவில் நடந்த அலி–ஃப்ரேசியர் மோதலோடு நிறுத்தியிருந்தேன். அமெரிக்காவின் ராத்திரிக்காக மனிலாவின் காலையில் மணி அடித்தார்கள் என்பது நினைவிருக்கும். இந்த வாரம் டிவி பார்ப்பவர்களின் தலையை எண்ணும் பெட்டியைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். வருகிறேன். ஆனால் பாலவான் செய்தியைப் படித்ததிலிருந்து என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

பாலவான் ஒல்லியாக நீண்டு கிடக்கும் தீவு. நாட்டின் பிரதான மின்தொகுப்போடு அதற்கு இணைப்பு கிடையாது. பெரும்பாலும் எண்ணெயில் ஓடும் ஜெனரேட்டர்களை நம்பித் தன் மின்சாரத்தைத் தானே தயாரித்துக்கொள்கிறது. பெரிய தொகுப்பில் ஒரு ஊரின் தேவை திடீரென்று கூடினால் எங்கோ இருக்கும் இன்னொரு நிலையம் ஈடு கொடுக்கும். தனித்தீவில் அதற்கு வழியில்லை. தேவை உற்பத்தியைத் தாண்டினால் ஏதாவது ஒரு பகுதியை இருட்டாக்கித்தான் மிச்சத்தைக் காப்பாற்ற வேண்டும். அதுவும் ஏப்ரல், மே அங்கே கொளுத்தும் கோடை.

டிவிக்காக ஏன் ஃப்ரிட்ஜை அணைக்க வேண்டும் என்று கேட்கலாம். டிவி இழுக்கும் மின்சாரம் கொஞ்சம்தான். ஓட ஆரம்பித்தால் ஒரே சீராக இழுத்துக்கொண்டிருக்கும். ஃப்ரிட்ஜிலும் ஏசியிலும் இருப்பது கம்ப்ரஸர். அது நின்று நின்று ஓடும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் சாதாரணமாக இழுப்பதைப்போலப் பல மடங்கு இழுக்கும். ஆயிரக்கணக்கான டிவிகளின் பாரத்துக்கு மேல் இந்தக் கிளம்பல்களும் சேர்ந்துகொண்டால் ஜெனரேட்டர் திணறும். ஆகவே அந்த வேண்டுகோளை எழுதியவர் இயந்திரத்தையும் அறிந்தவர், ஊரையும் அறிந்தவர். டிவியை அணையுங்கள் என்று கேட்டால் ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. மீன் கெட்டுப்போனாலும் பரவாயில்லை என்று சொல்லும் சனத்திடம்தான் ஃப்ரிட்ஜை அணைக்கச் சொல்ல முடியும்.

மின்வாரியக்காரர்கள் டிவி நிகழ்ச்சி நிரலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் கை தேர்ந்தவர்கள் பிரிட்டிஷ்காரர்கள். 1990 ஜூலை 4 அன்று உலகக் கோப்பைக் கால்பந்து அரையிறுதியில் இங்கிலாந்து மேற்கு ஜெர்மனியிடம் பெனால்டியில் தோற்றது. ஆட்டம் முடிந்ததும் நாடு முழுக்க எழுந்துபோய் டீ போட மின்கெட்டிலைத் தட்டிவிட, தேவை 2,800 மெகாவாட் எகிறியது. இந்த மாதிரி நேரங்களுக்கென்றே வேல்ஸின் டினோர்விக்கில் மலைக்குள் ஒரு நீர்மின் நிலையம் இருக்கிறது. மலை மேலுள்ள ஏரியில் தண்ணீரைத் தேக்கி வைத்திருந்து, கூப்பிட்ட சில விநாடிகளில் திறந்துவிடுவார்கள். பாலவானிடம் அப்படி ஒரு மலை ஏரி இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அதன் கையிருப்பு, வீடுகளில் அணைத்து வைக்கப்படும் ஃப்ரிட்ஜ்கள்தான்.

ஒரு குத்துச்சண்டைக்காரருக்கு இவ்வளவா என்பவர்களுக்காகச் சுருக்கமாக. பாக்கியாவ் பிறந்தது 1978 டிசம்பரில், மின்டனாவ் தீவில், வறுமையில். பையனாக இருக்கும்போதே மனிலாவுக்கு ஓடிப்போனார். 1995-இல் தொழில்முறைக் களத்தில் இறங்கியபோது எடை போதாமல் பாக்கெட்டில் கனமானவற்றைப் போட்டுக்கொண்டு தராசில் ஏறினார் என்று அவரே சொல்லியிருக்கிறார். அப்படித் தொடங்கியவர் எட்டு எடைப்பிரிவுகளில் உலகப் பட்டம் வென்றார். வேறு எந்த வீரரும் அதைச் செய்ததில்லை. 2010-இல் சாரங்கானி மாகாணத்திலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போனார், 2016-இல் செனட்டர் ஆனார். ஊர் அவரைத் தன் வீட்டுப் பிள்ளையாக நினைத்தது. இதற்கு மேல் வாழ்க்கை வரலாறு வேண்டாம், நமக்கு வேலை அவரைப் பார்த்தவர்களிடம்.

லாஸ் வேகாஸின் சனி இரவு, மனிலாவின் ஞாயிறு நண்பகல். பாக்கியாவின் புகழுக்கு இந்தக் கடிகாரமும் ஒரு காரணம் என்பது என் உறுதியான எண்ணம். ஞாயிறு காலை பூசை முடிந்திருக்கும், பள்ளிக்கூடமும் அலுவலகமும் கிடையாது, சமையல் அடுப்பில் இருக்கும், உறவுக்காரர்கள் வந்திருப்பார்கள். இதே சண்டை அங்கே வேலைநாளின் விடியற்காலை மூன்று மணிக்கு வந்திருந்தால் வெறியர்கள் மட்டும் பார்த்திருப்பார்கள். மதிய நேரத்தில் வந்ததால் பாட்டியும் பேத்தியும் பார்த்தார்கள். எப்போதும் நகராத மனிலாச் சாலைகள் அந்தச் சில மணி நேரம் காலியாகக் கிடக்கும். குற்றங்களே பதிவாகவில்லை என்று போலீஸ் சொல்வது பல சண்டைகளுக்குப் பிறகு செய்தியானது. உண்மையிலேயே குற்றம் நடக்கவில்லையா, புகார் கொடுக்க எழுந்து போக யாருக்கும் மனமில்லையா என்பதை அந்தக் கணக்கிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. எதுவானாலும் ஊர் டிவி முன்னால் இருந்தது என்பதற்கு அது சாட்சி.

ஆனால் எல்லோரும் ஒரே கணத்தில் பார்க்கவில்லை. இந்த வாரம் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான்.

நேரலை விலைக்கு விற்கப்பட்டது. கேபிளில் தனிக் கட்டணம் கட்டியவர்கள், மால்களின் சினிமா அரங்குகளில் டிக்கெட் எடுத்தவர்கள், பெரிய உணவகங்களில் இடம் பிடித்தவர்கள் மணி அடித்த நொடியிலேயே பார்த்தார்கள். காசு கொடுக்க முடியாதவர்களுக்கு இலவச சேனல், தாமதமாக. அதுவும் ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் விளம்பரம், விளம்பரம், விளம்பரம். சுற்று மூன்று நிமிடம், இடைவேளை ஒரு நிமிடம் என்பது குத்துச்சண்டையின் சட்டம். இலவச சேனலில் அந்த ஒரு நிமிடத்தை ரப்பர்போல இழுப்பார்கள்.

2009 மே மாதம் பாக்கியாவ் இங்கிலாந்தின் ரிக்கி ஹாட்டனோடு மோதியதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது சுற்று, 2 நிமிடம் 59-வது விநாடியில் ஹாட்டன் விழுந்தார், கதை முடிந்தது. ஆறு நிமிடச் சண்டைக்காகக் காலையிலிருந்து சோப்பு, பற்பசை, செல்போன் கம்பெனி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு காத்திருந்த சனம், தாமதமாகத்தான் தன் வீரரின் வெற்றியைப் பார்த்தது.

வானொலிக்கு அந்தத் தாமதம் இல்லை. குத்துக்குக் குத்து வர்ணனை நேரலையில் வந்துகொண்டிருந்தது. ஆகவே ஒரே தெருவில் இரண்டு காலங்கள் ஓடின. டிரான்சிஸ்டரைக் காதில் வைத்திருந்த ஜீப்னி வண்டி ஓட்டுநருக்கும் கடைக்காரருக்கும் முடிவு தெரியும். உள்ளே டிவி முன்னால் இருப்பவர்களுக்குத் தெரியாது.

2012 டிசம்பர் 9, மனிலா நேரப்படி ஞாயிறு. ஹுவான் மானுவேல் மார்க்கெஸுடன் நான்காவது மோதல். மூன்றாவது சுற்றில் பாக்கியாவ் விழுந்தார். ஐந்தாவதில் மார்க்கெஸ் விழுந்தார். ஆறாவது முடியப்போகிறது, பாக்கியாவ் முன்னால் பாய்கிறார், மார்க்கெஸின் வலது கை நேராக வந்து இறங்குகிறது. முகம் குப்புற விழுந்தவர் அசையவில்லை. களத்தருகே அவர் மனைவி ஜின்கி கதறியதை உலகமே பார்த்தது. நேரம், ஆறாவது சுற்றின் 2 நிமிடம் 59-வது விநாடி. ஹாட்டன் விழுந்த அதே விநாடி எண்! இரண்டு சண்டைகளின் பதிவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

இப்போது அந்த இரண்டு காலங்களையும் நினைத்துப் பாருங்கள். வானொலி கேட்டவர் உடைந்துபோய் உட்கார்ந்திருக்கிறார். இலவச சேனலில் ஐந்தாவது சுற்று இன்னும் வரவே இல்லை. வரும்போது, மார்க்கெஸ் விழுந்ததும் வீட்டுக்குள்ளிருந்து ஆரவாரம் கிளம்பும். அந்த ஆரவாரத்தைக் கேட்டுக்கொண்டு, இன்னும் ஒரு சுற்றில் என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்தவர் வாயைத் திறக்காமல் வாசலில் நிற்க வேண்டும். ஏழைக்குத் தாமதமாகத் தருவதில் என்ன தப்பு, இலவசம்தானே என்று சொல்பவர்களிடம் எனக்கு உடன்பாடு இல்லை. தன் வீட்டுப் பிள்ளை விழும்போது அந்தக் கணத்தில் கூட இருப்பதையும் சேர்த்துத்தான் விற்றுவிட்டார்கள்.

இதற்கு ஊர்களே ஒரு வழி கண்டன. பிலிப்பைன்ஸில் உள்ளாட்சியின் கடைசி அலகுக்குப் பராங்காய் என்று பெயர். அநேகமாக ஒவ்வொரு பராங்காயிலும் தகரக் கூரை போட்ட ஒரு கூடைப்பந்துத் திடல் உண்டு. திருமணம், தேர்தல் கூட்டம், புயல் முகாம் எல்லாம் அங்கேதான். சண்டை நாளன்று மேயரோ வேறு தலைவரோ நேரலைக்குப் பணம் கட்டி, வளையத்துக்கு அடியில் பெரிய திரையைத் தொங்கவிட்டு, ஊரைக் கூப்பிடுவார். பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்தவர் நாற்காலியில், கிடைக்காதவர் தரையில், பிள்ளைகள் தோளில். தேர்தல் கணக்கு அதில் இல்லாமலில்லை. இருந்தாலும் கட்டணம் கட்ட முடியாதவர் மணி அடித்த அதே நொடியில் கத்த முடிந்தது அங்கேதான்.

அதன் அருமை 2013-இல் தெரிந்தது. நவம்பர் 8 அன்று யோலாண்டா புயல் தாக்கியது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், தாக்லோபான் நகரம் தரைமட்டமானது. பதினாறு நாள் கழித்து மக்காவ் நகரில் பாக்கியாவ் பிராண்டன் ரியோஸோடு மோதினார். ஆசிய மண்ணில்தான் சண்டை. ஆனாலும் அமெரிக்காவின் சனி இரவுக்கு ஏற்ப ஞாயிறு காலையில் வைத்தார்கள், 1975-இல் மனிலாவில் செய்த அதே ஏற்பாடு. இந்த முறை அந்தக் காலை தாக்லோபானுக்கும் கிடைத்தது. வீடு போனவர்கள், பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் பொது இடத்தில் வைத்த பெரிய திரை முன்னால் கூடினார்கள். பன்னிரண்டு சுற்றும் ஓடின, நடுவர்கள் மூவரும் பாக்கியாவ் பக்கம். தாக்லோபான் மக்களுக்கு அன்றைக்குச் சாப்பாடும் கூரையும்தான் முதல் தேவை என்று வாதாடலாம். அவர்கள் தாங்களாக நடந்து வந்தார்கள் என்பதே எனக்குப் போதுமான பதில்.

இனி, எண்ணிக்கை. மேவெதர் சண்டையை அமெரிக்காவில் நேரலையாக வாங்கியவை 46 லட்சம் இணைப்புகள். உயர்தரப் படத்துக்கு வீட்டுக்கு நூறு டாலர் போல, மொத்தம் 40 கோடி டாலருக்கு மேல். கடைசி நேரத்தில் வாங்கியவர்களின் நெரிசலில் கேபிள் கம்பெனிகள் திணறியதால் சண்டையையே தாமதமாகத்தான் தொடங்கினார்கள். மூன்று நடுவர்களும் மேவெதருக்கே கொடுத்தார்கள். 118–110, 116–112, 116–112. பிலிப்பைன்ஸில் ஒன்றுக்கொன்று ஆகாத மூன்று பெரிய சேனல்கள் அந்த ஒரு நாள் ஒரே சண்டையைக் காட்டின.

46 லட்சம் என்பது ரசீதுகளின் எண்ணிக்கை. ஒவ்வொரு ரசீதுக்குப் பின்னாலும் சோபாவில் எத்தனை பேர் என்று அது சொல்லாது. மனிலாவில் வீடுகளில் வைத்திருக்கும் அளவைப் பெட்டி அந்த வீட்டு டிவியை எண்ணும். கூடைப்பந்துத் திடலில் தரையில் உட்கார்ந்திருக்கும் நானூறு பேரை எண்ணாது, சினிமா அரங்கை எண்ணாது. அந்த வாரம் பார்வையாளர்களைச் சரியாகக் கணித்தது பாலவானின் மின்கூட்டுறவுதான் என்று நான் சொல்வேன். எல்லோரும் பார்ப்பார்கள் என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கியது அது ஒன்றுதான்.

அந்த அளவைப் பெட்டியை யார் வீட்டில் வைக்கிறார்கள், வைத்த வீட்டை யார் தேடிப் போகிறார்கள் என்ற சண்டை 2007 டிசம்பரில் கெசோன் நகர நீதிமன்றத்துக்கே போனது. வழக்குப் போட்டது அப்போது நாட்டின் மிகப் பெரிய சேனல்களில் ஒன்றாக இருந்த ஏபிஎஸ்–சிபிஎன். அடுத்த வாரம் அங்கிருந்து தொடங்குவோம்.

(தொடரும்)