பருவுக்கு மாத்திரையா? முழுங்கும் முன் ஒரு நிமிஷம்!



முகப்பரு என்றதும் நம் வீடுகளில் இரண்டே பதில்தான் கிடைக்கும். ஒன்று, "வயசுக் கோளாறு, தானா போயிடும், விடு!" இன்னொன்று, "மெடிக்கல்ல கேட்டா ஏதோ மாத்திரை தருவாங்களாம், வாங்கிப் போடு." முதல் பதிலால் பெண் குழந்தைகள் மனசுக்குள்ளேயே புழுங்குகிறார்கள். இரண்டாவது பதிலால் உடம்பைக் கெடுத்துக் கொள்கிறார்கள்.

எங்கள் உறவிலும் தெருவிலுமாக, கடந்த இரண்டு மூன்று வருஷத்தில் ஐந்து பெண்கள் பருவுக்காக ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்டார்கள். ஐந்து பேரையும் கிட்ட இருந்து பார்த்தவள் நான். ஒருத்திக்கு முகம் தெளிந்தது. இன்னொருத்திக்கு நெஞ்சு புண்ணானது. ஏறக்குறைய ஒரே மாதிரி மருந்துதான். யாரைக் கேட்டுச் சாப்பிட்டார்கள், எப்படிச் சாப்பிட்டார்கள், எப்போது நிறுத்தினார்கள் என்பதில்தான் வித்தியாசம். மற்ற சகோதரிகளுக்கும் உதவுமே என்று எழுதுகிறேன்.

அக்கா மகளின் மூன்று மாதம்

என் அக்கா மகள் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். கன்னம், நெற்றி, தாடை எங்கும் சிவந்து, சீழ் கோத்த பருக்கள். தலையணையில் கன்னம் பட்டாலே வலிக்கும். கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கக் கூப்பிட்டால் பாத்ரூம் போவது போல் நழுவி விடுவாள். துப்பட்டாவை முகம் வரை இழுத்துக் கொண்டுதான் பஸ் ஏறுவாள். அக்காவின் மாமியாரோ, "கல்யாணம் ஆனா சரியாப் போயிடும்" என்று சொல்லிக் கொண்டே இருந்தார். அதைக் கேட்கும்போதெல்லாம் அந்தப் பெண்ணின் முகம் இன்னும் சுருங்கிப் போகும்.

கடைசியில் தோல் டாக்டரம்மா ஒருவரிடம் அழைத்துப் போனோம். அவர் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, மோவாயில் முடி வளர்கிறதா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறாய், முகத்தில் என்ன கிரீம் தடவுகிறாய் என்று கால் மணி நேரம் கேட்டார். பிறகுதான் டாக்ஸிசைக்ளின் என்ற மாத்திரையும், இரவில் தடவ பென்சாயில் பெராக்சைடு கலந்த மருந்தும் எழுதினார்.

"இது தலைவலி மாத்திரை இல்லம்மா, ஒரு மணி நேரத்துல கேக்கறதுக்கு. நல்லா வித்தியாசம் தெரிய ஆறு வாரம், எட்டு வாரம் ஆகும். மூணு மாசத்துல மாத்திரையை நான் நிறுத்திடுவேன். ஆனா தடவற மருந்தை மட்டும் நீ விடக் கூடாது" என்று முதல் நாளே சொல்லி விட்டார்.

அவர் அப்படிச் சொன்னதுதான் எங்களைக் காப்பாற்றியது. ஏனென்றால் முதல் மாதம் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. "சித்தி, ஒரு மாசமா முழுங்கறேன், அப்படியேதான் இருக்கு, நிறுத்திடட்டுமா?" என்று என்னிடம் அழுதாள். "டாக்டர் சொன்ன கெடு வரட்டும்டி" என்று தேற்றினேன். இரண்டாம் மாதம் பாதியில் புதுப் பருக்கள் வருவது குறைந்தது. மூன்றாம் மாத முடிவில் வலியும் வீக்கமும் அடங்கி, தழும்பு நிறம் மட்டும் மிச்சம். சொன்னபடி மாத்திரையை நிறுத்தி விட்டார். தடவும் மருந்து தொடர்கிறது. இப்போதும் எப்போதாவது ஒன்றிரண்டு பரு வருகிறது. ஆனால் துப்பட்டா தோளில் இருக்கிறது!

ஒரு குறிப்பு: அந்தத் தடவும் மருந்து பட்ட இடமெல்லாம் துணி வெளுத்துப் போகும். அக்கா வீட்டில் நாலு தலையணை உறையும், ஒரு நல்ல நைட்டியும் திட்டுத் திட்டாக வெளுத்தன. வெள்ளை உறை, வெள்ளைத் துண்டு தனியாக வைத்துக் கொள்ளுங்கள்.

ஒரு வாய் தண்ணீரும் ஒரு வாரத் துன்பமும்

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் இதே மாத்திரைதான். டாக்டர் சீட்டோடுதான் வாங்கினார்கள். ஆனால் அவளுக்குப் படுக்கப் போகும்போதுதான் மாத்திரை ஞாபகம் வரும். ஒரு வாய் தண்ணீரில் முழுங்கி விட்டு அப்படியே படுத்து விடுவாள். பத்து நாள் கழித்து ஒரு காலை, எச்சில் முழுங்கினால்கூட நெஞ்சுக்குள் கத்தியால் கீறுவது போல வலி. மாரடைப்போ என்று வீடே பயந்து விட்டது.

மாத்திரை உணவுக் குழாயிலேயே ஒட்டிக் கரைந்து புண்ணாக்கி விட்டது என்று டாக்டர் சொன்னார். டாக்ஸிசைக்ளின் இப்படிச் செய்யக் கூடியதுதானாம். ஒரு பெரிய டம்ளர் நிறையத் தண்ணீருடன் முழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் நிமிர்ந்து இருந்தால் இந்தத் தொல்லை வராது. ஒரு வாரம் மோரும் கஞ்சியுமாக இருந்து தேறினாள்.

வெயிலும் தலைச்சுற்றலும்

எங்கள் தெருவில் ஒரு டீச்சர். தினமும் மொபெட்டில் பள்ளிக்கூடம் போகிறவர். அவருக்கும் டாக்ஸிசைக்ளின் கொடுத்திருந்தார்கள். பங்குனி வெயிலில் இரண்டு கையும் மூக்கும் சுட்டது போல் சிவந்து தோல் உரிந்தது. இந்த மருந்து சாப்பிடும்போது சிலருக்கு வெயில் ஒத்துக் கொள்ளாது. பிறகு மினோசைக்ளினுக்கு மாற்றினார்கள். அது தலைச்சுற்றலைக் கொடுத்தது. போர்டில் எழுதும்போது சுவரைப் பிடித்துக் கொண்டாராம். அதை மாதக் கணக்கில் நீட்டினால் சிலருக்குத் தோலிலும் பழைய தழும்பிலும் நீலக் கறுப்பு நிறம் படியும் என்றும் டாக்டர் எச்சரித்திருந்தார். டீச்சர் தாமதிக்காமல் போய்ச் சொன்னதால் மருந்தை நிறுத்தி, தடவும் மருந்திலேயே சமாளித்தார்கள். ஒத்துக் கொள்ளாவிட்டால் பல்லைக் கடித்துக் கொண்டு தொடரவும் கூடாது. நாமாக வேறு மாத்திரைக்குத் தாவவும் கூடாது.

பழைய சீட்டும் எட்டு மாதமும்

என் ஓர்ப்படி கதை வேறு. முதல் மூன்று மாதத்தில் முகம் பளிச்சென்று ஆனது. டாக்டர் நிறுத்தச் சொன்னார். ஆனால் நிறுத்தியதும் ஒன்றிரண்டு பரு தலைகாட்டியது. பயந்து போய்ப் பழைய சீட்டையே மருந்துக் கடையில் நீட்டி, மேலும் எட்டு மாதம் வாங்கிச் சாப்பிட்டாள். கடைக்காரரும் கேட்கவில்லை. தடவும் மருந்து எரிகிறது என்று அதை மட்டும் விட்டு விட்டாள்!

நடுவில் வெள்ளைப்படுதல், தாங்க முடியாத அரிப்பு. வெளியில் சொல்லக் கூச்சப்பட்டு இரண்டு மாதம் மறைத்தாள். ஆன்டிபயாடிக் உடம்பில் உள்ள நல்ல கிருமிகளையும் அழிப்பதால் அந்த இடத்தில் காளான் கிருமி பெருகி விடுகிறது. பெண்களுக்கு வரும் இந்தத் தொல்லையைப் பற்றி நம் வீடுகளில் யாரும் பேசுவதே இல்லை. பிறகு பருவும் பழையபடி திரும்பியது. இந்தத் தடவை மாத்திரைக்கு அடங்கவில்லை.

நிச்சயமான பெண்ணுக்கு

ஐந்தாவது, என் நாத்தனார் மகள். கல்யாணத்துக்கு முன் முகம் தெளிய வேண்டும் என்று மாத்திரை ஆரம்பித்தாள். டாக்டர் கல்யாணத் தேதியைக் கேட்டுக் கொண்டு, அதற்கு முன்பே மாத்திரை முடியும்படி கணக்குப் போட்டுக் கொடுத்தார். டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் வயிற்றில் உள்ள குழந்தையின் பல்லிலும் எலும்பிலும் படியும். அதனால் கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் பருவுக்காக இவற்றைக் கொடுப்பதில்லை. புதிதாகக் கல்யாணமானவர்கள், குழந்தை பாலுக்கு அழுகிறவர்கள் இதைக் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லி விட வேண்டும்.

மருந்து எப்படி வேலை செய்கிறது?

டாக்டரம்மாவிடம் நான் கேட்டுத் தெரிந்து கொண்டது இது. வயதுக்கு வரும் சமயத்தில் ஹார்மோன் மாற்றத்தால் தோலில் எண்ணெய்ச் சுரப்பு அதிகமாகிறது. மயிர்க்கால் துவாரம் அடைபடுகிறது. தோலிலேயே குடியிருக்கும் ஒரு வகைக் கிருமி அடைபட்ட எண்ணெயில் பெருகுகிறது. சிவந்து வீங்குகிறது. மாத்திரை அந்தக் கிருமியைக் குறைக்கிறது, வீக்கத்தையும் தணிக்கிறது. ஆனால் எண்ணெய்ச் சுரப்பையோ அடைப்பையோ அது சரி செய்யாது. அதனால்தான் தடவும் மருந்து கூடவே வேண்டும். வெறும் கரும்புள்ளி, வெண்புள்ளிக்கு இந்த மாத்திரை தேவையே இல்லை.

இந்த மருந்துக் குடும்பத்தில் முதலில் வந்தது ஆரியோமைசின். அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்து மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்து அதைக் கண்டுபிடித்தவர் பெஞ்சமின் டக்கர், வெளியானது 1948ல். அந்த லெடர்லி ஆராய்ச்சிக் கூடத்தின் ஆராய்ச்சித் தலைவராக இருந்தவர் யார் தெரியுமா? பீமாவரத்தில் பிறந்து, நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ்! எத்தனையோ உயிர்களைக் காத்த மருந்து வகை இது. அதை நாம் பவுடர், ஸ்நோ மாதிரி பயன்படுத்தலாமா?

பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945ல் நோபல் பரிசு உரையிலேயே, மருந்தைக் குறைவாகச் சாப்பிட்டால் கிருமிகள் அதற்குப் பழகி விடும் என்று எச்சரித்தார். தேவைக்கு மேல் மாதக் கணக்கில் சாப்பிட்டாலும் இதே ஆபத்துதான். பழகுவது பருக் கிருமி மட்டுமல்ல. உடம்பில் இருக்கும் மற்றக் கிருமிகளும்தான். நாளைக்கு நுரையீரலிலோ சிறுநீரிலோ தொற்று வரும்போது மருந்து கேட்காமல் போனால் என்ன செய்வது? பருவுக்காக அந்த ஆயுதத்தை மழுங்கடிக்கலாமா?

அம்மாக்கள் கவனிக்க!

* ஆன்டிபயாடிக் மாத்திரைகள் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. ஒருத்திக்கு எழுதியதை இன்னொருத்தி சாப்பிடக் கூடாது. அக்கா தங்கையாக இருந்தாலும்தான்.

* "எத்தனை மாசம் சாப்பிடணும், எப்ப நிறுத்துவீங்க?" என்று முதல் நாளே கேளுங்கள். பொதுவாக மூன்று, நான்கு மாதத்துக்கு மேல் நீட்டுவதில்லை.

* காலைச் சாப்பாடோ மதியச் சாப்பாடோ முடிந்ததும், டம்ளர் நிறையத் தண்ணீருடன் கொடுங்கள். படுக்கும் முன் வேண்டாம்.

* நம் பெண்களில் பலர் ரத்த சோகைக்காக இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுகிறார்கள். அதையும், கால்சியம் மாத்திரை, வயிற்றெரிச்சல் ஜெலுசில் போன்றவற்றையும் இந்த மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தால் மருந்து உடம்பில் சேராது. எத்தனை மணி நேரம் இடைவெளி என்று டாக்டரிடம் கேளுங்கள். அக்கா மகளுக்கு இரும்பு மாத்திரையை இரவுக்கு மாற்றினார்கள்.

* வெயிலில் குடையோ தொப்பியோ அவசியம்.

* பருவுக்கு வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ஐசோட்ரெடினாயின் மாத்திரையும் உண்டு. அதை டாக்ஸிசைக்ளினோடு சேர்த்துச் சாப்பிடவே கூடாது. மூளையைச் சுற்றி அழுத்தம் கூடி விடும். கர்ப்பிணிகள் அதைத் தொடவே கூடாது. குழந்தை ஊனமாகப் பிறக்கலாம்.

* கடுமையான தலைவலி, பார்வை மங்கல், உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சுத் திணறல், நிற்காத பேதி வந்தால் மாத்திரையை நிறுத்தி உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

* மாதவிலக்கு தள்ளித் தள்ளி வந்து, முகத்தில் முடியும் பருவும் சேர்ந்திருந்தால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையாக இருக்கலாம். பெண் மருத்துவரையும் பார்த்து விடுங்கள்.

தனியார் டாக்டரிடம் போக வசதி இல்லையே என்று தயங்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு உண்டு. காலையில் கொஞ்சம் சீக்கிரம் போய் வரிசையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

மாத்திரையைவிட முக்கியமான ஒன்றையும் சொல்லி முடிக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் முதல் வார்த்தையாக, "என்னடி, மூஞ்சியெல்லாம் இப்படி ஆயிடுச்சு?" என்று கேட்பதை நாம்தான் தடுக்க வேண்டும். பையன்களுக்கும் இதே வேதனை உண்டு. ஆம்பளைப் பிள்ளை என்று அலட்சியப்படுத்தாதீர்கள். அவசரப்பட்டு மருந்துக் கடைக்கு ஓடுகிற பல பிள்ளைகள் பருவுக்குப் பயந்து ஓடுவதில்லை. நம் வாய்க்குப் பயந்துதான் ஓடுகிறார்கள். நாம் வாயைக் கொஞ்சம் அடக்கி, கையைப் பிடித்து ஒரு நல்ல டாக்டரிடம் அழைத்துப் போனால் பாதி நோய் அங்கேயே தீர்ந்து விடும். என்ன சொல்கிறீர்கள், சகோதரிகளே?

— ஒரு வாசகி, கும்பகோணம்.